ஆவி பறக்குது புதுக்கோட்டை!

செமஸ்டர் முடிஞ்ச மறுநாள் உங்க கேங்க்ல என்ன பேச்சு ஓடும்? ஊட்டி, கொடைக்கானல், கையில கொஞ்சம் காசு புரண்டா கோவா. அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு அப்பாவி, ‘மச்சான், புதுக்கோட்டை போலாமாடா?’ன்னு கேட்டுப் பாருங்க. மொத்த கேங்கும் அவனை ஏற இறங்கப் பார்க்கும். ‘அங்க என்னடா இருக்கு?’

ஆனா, அதே கேங்க்தான் முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல, மெஸ் சாம்பாரைத் திட்டிக்கிட்டே, ஒரு செல்போனைச் சுத்தி உட்கார்ந்து எச்சில் முழுங்கியிருக்கும். போன்ல என்ன ஓடுச்சு? வேட்டியை மடிச்சுக் கட்டின நாலைஞ்சு பேரு. ஒரு தாத்தா. வயக்காட்டு நடுவுல ஒரு பெரிய அண்டா. ‘டர்மரிக் பவுடர்ர்ர்!’னு ஒரு கத்தல். விறகு அடுப்புல கொதிக்கற குழம்பு.

அந்த வயக்காடு இருக்கறது புதுக்கோட்டை மாவட்டத்துல மக்களே! ஊர் பேரு சின்னவீரமங்கலம். சேனல் பேரு ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’. இப்போ சொல்லுங்க, பஸ் ஏறலாமா?

செம்மண், பாறை, கண்மாய்

திருச்சியில பஸ் ஏறினா புதுக்கோட்டை சுமார் 55 கிலோமீட்டர். ஜன்னல் சீட் கிடைச்சா பாட்டு கேட்காதீங்க, வெளியே பாருங்க. கீரனூர் தாண்டும்போதே மண்ணோட கலர் மாறும். செம்மண். திடீர் திடீர்னு தரையில இருந்து எழும்பி நிக்கற பாறைக் குன்றுகள். முந்திரி, தைல மரம், நடுநடுவுல கண்மாய். மழை பெய்ஞ்சா கண்மாய் நிறையும், கண்மாய் நிறைஞ்சா வயல் விளையும். மாவட்டத்தோட கிழக்குப் பக்கத்துக்குக் கல்லணைக் கால்வாய்த் தண்ணி கொஞ்சம் வரும். மத்த இடமெல்லாம் வானத்தைப் பார்த்த பூமிதான்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, நம்ம கதையே இந்தத் தண்ணியில இருந்துதான் ஆரம்பிக்குது. மழையை நம்பின ஊர்ல விவசாய வேலை வருஷம் பூரா இருக்காது. சில மாசம் வேலை, சில மாசம் சும்மா. அந்தச் ‘சும்மா’ மாசங்களுக்கு இந்தப் பக்கத்து இளைஞர்கள் காலகாலமா கண்டுபிடிச்ச ஒரே வழி, பாஸ்போர்ட். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. புதுக்கோட்டை, அறந்தாங்கி பக்கம் எந்தத் தெருவுல போய் நின்னாலும் வெளிநாட்டுல ஒரு ஆள் இருக்கற வீடு ஒண்ணாவது இருக்கும். 

புதுக்கோட்டை டவுன்ல இறங்கிட்டீங்களா? இது ராஜா ஆண்ட ஊர். 1948 மார்ச்ல இந்தியாவோட இணையற வரைக்கும் தொண்டைமான்களோட தனி சமஸ்தானம். ‘அம்மன் காசு’ன்னு தனி நாணயமே இருந்தது. அப்புறம் திருச்சி மாவட்டத்துக்குள்ள ஒரு துண்டா இருந்துட்டு, 1974 ஜனவரியில தனி மாவட்டம் ஆச்சு. திருக்கோகர்ணத்துல 1910-ல ஆரம்பிச்ச மியூசியம் இருக்கு. பக்கத்துல சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை. இதெல்லாம் உங்க ஹிஸ்டரி புரொஃபசர் சொல்லிடுவார். அவர் சொல்லாததை நான் சொல்றேன்... முட்டை மாஸ்!

முட்டை மாஸும் முக்கனியும்

சாயங்காலம் ஆச்சுன்னா புதுக்கோட்டை பரோட்டா கடைகள்ல ‘டங்கு டங்கு’ன்னு சத்தம் கேட்கும். அவிச்ச முட்டையை நறுக்கி, வெங்காயம், தக்காளி, மசாலாவோட கல்லுல போட்டுப் புரட்டி, மேல சால்னா ஊத்தி இறக்கினா, அதுதான் முட்டை மாஸ். பரோட்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. ஸ்டூடண்ட் பர்ஸுக்கும் ரொம்ப வலிக்காது. 

இந்த மாவட்டத்தை நாக்கால சுத்தறதுன்னா அதுக்கே ஒரு வாரம் வேணும். திருமயம், ராயவரம், அரிமளம் பக்கம் போனா செட்டிநாட்டு வீடுகள், செட்டிநாட்டு சமையல். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் போனா பலாப்பழம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போனா கடல், மீன், நண்டு. ஒரே மாவட்டத்துக்குள்ள மலை மாதிரி பாறையும் இருக்கு, கடலும் இருக்கு, நடுவுல வயலும் இருக்கு. அதனால குழம்புக்கு ஐட்டம் பஞ்சமே இல்ல. வயல் நண்டுல இருந்து நத்தை வரைக்கும் சட்டியில ஏறும். மழை விட்ட ராத்திரி விளக்கு வெளிச்சத்துல ஈசல் பிடிச்சு அரிசியோட வறுத்துக் கொறிக்கறது எல்லாம் நம்ம கிராமங்களோட பழைய கதை. நகரத்து ஓட்டல் மெனு கார்டுல இதுக்கெல்லாம் இடம் கிடையாது.

யாரோ ஒருத்தர் இதை எழுதி வைக்கணும். இல்லைன்னா படம் பிடிச்சு வைக்கணும். அந்த ‘யாரோ ஒருத்தர்’ தாத்தாவும் பேரன்களுமா வந்தாங்க.

தாத்தா, அஞ்சு பேரன்கள், ஒரு அண்டா

2018. சின்னவீரமங்கலத்துல சுப்பிரமணியன், முருகேசன், அய்யனார், தமிழ்ச்செல்வன், முத்துமாணிக்கம்னு அஞ்சு பேர் சேர்ந்து ஒரு யூ டியூப் சேனல் ஆரம்பிச்சாங்க. அஞ்சு பேரும் ஒரே குடும்பம், அண்ணன் தம்பி முறை. சமையலுக்குத் தலைமை தாத்தா பெரியதம்பி. அவர் அதுக்கு முன்னாடி விசேஷங்களுக்குச் சமைச்சுக் கொடுத்தவர். அதாவது, வீட்டுக்குள்ளேயே ஒரு மாஸ்டர் செஃப் இருந்திருக்கார். 

அந்த வருஷம் ஏன் முக்கியம்னு கொஞ்சம் பாருங்க. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்த பிறகு இன்டர்நெட் கண்மாய்க் கரை வரைக்கும் வந்துடுச்சு. டீக்கடைக்காரர் முதல் ஆடு மேய்க்கறவர் வரைக்கும் கையில வீடியோ. அதே நேரம், 2018 ஆரம்பத்துல யூ டியூப் கெடுபிடியை ஏத்துச்சு. குறைஞ்சது ஆயிரம் சப்ஸ்கிரைபர், ஒரு வருஷத்துல 4,000 மணி நேரம் ஜனங்க பார்த்திருக்கணும், அப்பதான் விளம்பரக் காசுல பங்கு. பார்க்கறவங்க பெருகினாங்க, ஆனா நுழையற வாசல் குறுகிடுச்சு. அந்தக் குறுகின வாசல் வழியாத்தான் இவங்க அண்டாவைத் தூக்கிட்டு உள்ளே போனாங்க!

இன்னொரு விஷயமும் அதே வருஷம் நடந்தது. 2018 நவம்பர் 16, கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில கரையைக் கடந்து, புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுட்டுப் போச்சு. தென்னையும் பலாவும் வேரோட சாஞ்சுது. ஒரு தென்னை திரும்பக் காய்க்க எத்தனை வருஷம் ஆகும்னு உங்க தாத்தாகிட்ட கேளுங்க. மண்ணை மட்டும் நம்பி இருக்கறது எவ்வளவு பெரிய சூதாட்டம்னு அந்த ஒரே ராத்திரி இந்த மாவட்டத்துக்குச் சொல்லிக் கொடுத்தது. 

என்ன பண்ணாங்க அப்படி?

விஸ்காம் படிக்கற மக்கள் கொஞ்சம் கிட்ட வாங்க. இது உங்களுக்கு.

முதல்ல, செட் கிடையாது. வயல், வாய்க்கால், மரத்தடி... அதுதான் ஸ்டூடியோ. மிக்ஸி கிடையாது. அம்மி. கேஸ் கிடையாது. விறகு. பின்னணி இசைக்கு ஆள் தேட வேண்டியதில்ல. கடுகு பொரியற சத்தம், அம்மி உருள்ற சத்தம், குருவி சத்தம், அதுவே பி.ஜி.எம்.

அடுத்தது, மொழி. தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கறவங்களுக்கும் புரியணும். என்ன செய்யலாம்? சப்-டைட்டில் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கு? மஞ்சள் தூளைப் போடும்போது அதோட இங்கிலீஷ் பேரை வாய் விட்டுக் கத்தினாங்க. அவ்வளவுதான்! இலக்கணம் இல்ல, அக்சென்ட் இல்ல, கூச்சமும் இல்ல. இன்டர்வியூல இங்கிலீஷ் பேசணும்னா நமக்கு நாக்கு ஒட்டிக்குதே... வெள்ளைச் சட்டை, மடிச்சுக் கட்டின வேட்டியோட நின்னுக்கிட்டு உலகத்தையே பார்த்து ‘ஆல்வேஸ் வெல்கம்ஸ் யூ’ன்னு சொன்னாங்க பாருங்க, அந்த தில்லுதான் பாஸ் மேட்டரு!

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். ஒரு வீடியோவுல சமைக்கறது அஞ்சாறு பேருக்கு இல்ல. அண்டா அண்டாவா. அதை முதியோர் இல்லத்துக்கும் ஆதரவில்லாத பிள்ளைகளுக்கும் கொண்டு போய்க் கொடுத்தாங்க. நாம வீடியோ பார்த்து முடிக்கறப்ப யாரோ ஒருத்தர் உண்மையிலேயே வயிறு நிறைஞ்சு கை கழுவியிருப்பார். சும்மா பசியைக் கிளப்பி விட்டுப் போற வீடியோவுக்கும் இதுக்கும் வித்தியாசம் இங்கதான். 

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2021 ஜனவரியில ராகுல் காந்தி இவங்களோட தரையில உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். தயிர்ப் பச்சடி கிளறிக்கிட்டே ‘வெங்காயம்... தயிர்... கல் உப்பு’ன்னு அவர் தமிழ் கத்துக்கிட்ட வீடியோவை நாடே பார்த்தது. அதே 2021 ஜூலையில ஒரு கோடி சப்ஸ்கிரைபர். தமிழ்ல அந்த எண்ணிக்கையை முதல்ல தொட்டது எந்த சினிமா கம்பெனி சேனலும் இல்ல, எந்த டி.வி. சேனலும் இல்ல. இந்த வயக்காட்டு சேனல்தான்! வந்த காசுல 10 லட்சம் ரூபாயை முதலமைச்சரோட கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்தாங்க. 2022-ல ‘விக்ரம்’ படத்துலயும் தலைகாட்டினாங்க. இன்னைக்கு ரெண்டு கோடியைத் தாண்டிப் போய்க்கிட்டிருக்கு அந்தக் கணக்கு. 

இவங்களுக்கு முன்னாடியும் உண்டு

இது ஏதோ திடீர்னு வானத்துல இருந்து குதிச்ச ஐடியா இல்ல. ஆந்திராவுல மஸ்தானம்மாங்கற பாட்டி, நூறு வயசைத் தாண்டின பிறகு கேமரா முன்னாடி சமைச்சு உலகப் புகழ் அடைஞ்சாங்க. 2018 டிசம்பர்ல மறைஞ்சாங்க. ‘கிராண்ட்பா கிச்சன்’ நாராயண ரெட்டி தாத்தா, ஆதரவில்லாத குழந்தைகளுக்காகவே மலை மாதிரி சமைச்சவர். அவர் 2019-ல காலமானார். நம்ம ஊர்லயே ‘வில்லேஜ் ஃபுட் ஃபேக்டரி’ டாடி ஆறுமுகம் இருக்கார்.

இன்னும் பின்னாடி போனா மீனாட்சி அம்மாள். இளம் வயசுலயே கணவரை இழந்தவங்க. 1951-ல ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தைக் கொண்டு வந்தாங்க. கல்யாணம் ஆகி வெளியூர் போற பெண்களோட பெட்டியில புடவையோட புடவையா அந்தப் புத்தகமும் போச்சு. பக்கத்துல அம்மா இல்லாத ஒரு பொண்ணுக்கு, ரசத்துக்குப் பெருங்காயம் எவ்வளவுன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமே! அன்னைக்கு அந்த ஆள் புத்தகமா இருந்தாங்க. இன்னைக்கு துபாய்ல எட்டுப் பேர் தங்கற ரூம்ல, டியூட்டி முடிஞ்சு வந்து வெங்காயம் உரிக்கற அண்ணனுக்கு அந்த ஆள் வீடியோவா இருக்கார். மீடியம் மாறிடுச்சு, வேலை அதேதான்.

கொஞ்சம் சீரியஸா...

இப்ப நீங்க போனை எடுத்து, ‘டேய், நாமளும் ஒரு சேனல் ஆரம்பிக்கலாம்டா’ன்னு மெசேஜ் தட்டப் போறீங்க. தெரியும்! ஒரு நிமிஷம்.

ஜெயிச்ச ஒரு சேனல் நம்ம கண்ணுக்குத் தெரியுது. ரெண்டு மாசத்துல மூடின சேனல்கள் கண்ணுக்குத் தெரியாது. அவங்க சமைச்சதும் நல்லாத்தான் இருந்திருக்கும். ‘அரியர்ஸ் இருந்தா என்ன, சேனல் இருக்கு’ன்னு வீட்ல டயலாக் விட்டீங்கன்னா, அதுக்கு நான் பொறுப்பில்ல. இவங்க யாரையும் பார்த்து காப்பி அடிச்சு சமைக்கல. பல வருஷம் விசேஷ வீட்டு அடுப்பு முன்னாடி நின்ன ஒரு மனுஷரோட கைப்பக்குவம் அவங்களுக்கு முதலீடு. உங்க முதலீடு எதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. அது சமையலா இருக்கணும்னு அவசியம் இல்ல.

இன்னொரு கேள்வி, முக்கியமா பசங்களுக்கு. இந்த மாதிரி வீடியோக்கள்ல அண்டா கிளறினது பெரும்பாலும் ஆம்பளைங்க. விசேஷ வீட்டுச் சமையல் காலகாலமா ஆண்கள் கையில. ஆனா தினம் மூணு வேளை, கைதட்டலும் இல்லாம கேமராவும் இல்லாம, வீட்டு அடுப்புல வேகறது யாரு? உங்க அம்மா. இதே புதுக்கோட்டையில பிறந்தவங்கதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பசங்க மட்டுமே படிச்ச மகாராஜா காலேஜ்ல ஒத்தைப் பொண்ணாப் போய்ப் படிச்சவங்க. இதே மாவட்டத்துலதான் 1990-களோட ஆரம்பத்துல, அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டு ஊர் கேலி பண்ணப் பண்ண ரோட்டுல ஓட்டினாங்க. பி.சாய்நாத் அதை எழுதி, உலகம் படிச்சது. அன்னைக்கு சைக்கிள். இன்னைக்கு கேமரா. புதுக்கோட்டை அக்காக்கள் அதையும் கையில எடுத்தா, அடுத்த கோடி அவங்களுக்குத்தான்!

இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒண்ணு மட்டும் மனசுல நிக்குது. ‘நல்லா இருக்கணும்னா ஊரை விட்டுப் போ’ங்கறதைத்தான் நமக்குப் பிறந்ததுல இருந்து சொல்லித் தர்றாங்க. சென்னை போ, பெங்களூரு போ, சிங்கப்பூர் போ. ஊர்லயே இருக்கறவன் பொழைக்கத் தெரியாதவன். அந்தக் கணக்கை ஒரே ஒரு ஊர், ஒரே ஒரு குடும்பம் மாத்திப் போட்டுக் காட்டிடுச்சு. அவங்க போகல. உலகம் அவங்க வரப்புக்கு வந்தது. எல்லாருக்கும் இது நடக்காதுதான். ஆனா ‘நடக்கவே நடக்காது’ன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது இல்லையா?

கடைசியா ஒரு கோயில்

திரும்பறதுக்கு முன்னாடி, அறந்தாங்கி வழியா ஆவுடையார்கோயில் போயிட்டு வந்துடுங்க. மாணிக்கவாசகரோட பேர் சேர்ந்த ஊர். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பின ராஜா காசைக் கோயில்ல போட்டார்னு கதை கேட்டிருப்பீங்களே, அதே கோயில். கல்லுல செஞ்ச கொடுங்கைகளை அண்ணாந்து பாருங்க. கம்பியும் ஆணியும் வச்சு மரத்துல இழைச்ச மாதிரி இருக்கும். கருவறையில லிங்கம் இல்ல, ஆவுடை மட்டும்தான். சாமிக்கு உருவமே இல்ல.

உருவமே இல்லாத சாமிக்கு எப்படிச் சோறு போடறது? வடிச்ச புழுங்கலரிசிச் சோத்தைச் சுடச்சுடக் கொண்டு வந்து ஒரு கல்மேடையில கொட்டுவாங்க. கூட கீரை, பாகற்காய். அதுல இருந்து எழும்புற ஆவி இருக்கே... அதுதான் படையல். சாமி ஆவியை மட்டும் எடுத்துக்கும். சோறு மனுஷங்களுக்கு.

யோசிச்சுப் பார்த்தா, ராத்திரி ஹாஸ்டல்ல செல்போன் முன்னாடி உட்கார்ந்திருக்கற நமக்கும் கிடைக்கறது ஆவி மட்டும்தான். நல்லவேளை, சோறு போக வேண்டிய இடத்துக்குப் போயிடுது!

கிளம்பறதுக்கு முன்னாடி...

* பைக் ட்ரிப்பா? ஏப்ரல், மே வேண்டாம். பாறையும் செம்மண்ணும் சேர்ந்து வறுத்துடும். மழை முடிஞ்ச தை மாசம்னா கண்மாய் நிறைஞ்சிருக்கும், கண்ணும் நிறையும்.

* சித்தன்னவாசலுக்கு காலையிலேயே போயிடுங்க. ஓவியங்கள் மேல கை வைக்காதீங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல தாக்குப் பிடிச்ச பெயின்ட், உங்க விரல் ஈரத்தைத் தாங்காது.

* சின்னவீரமங்கலம் பிக்னிக் ஸ்பாட் இல்ல. ஜனங்க வாழற ஊர். வரப்புல நடக்கும்போது நாத்தை மிதிக்காதீங்க. யாரையும் கேட்காம படம் எடுக்காதீங்க.

* பலா சீசன்ல போனா ஆலங்குடி பக்கம் ரோட்டோரத்துல வாங்கிச் சாப்பிடுங்க. கை பிசுபிசுக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்குங்க.

* வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட போய், ‘இன்னைக்கு நான் சமைக்கறேம்மா’ன்னு சொல்லுங்க. உப்பு கூடிப் போனாலும் பரவாயில்ல. முதல் எபிசோடுன்னா அப்படித்தான் இருக்கும்!